அரை நொடித் தாமதம்

(ஒரு பொறியியல் கல்லூரியில், மென்பொருள் விடுதலை நாள் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

என் லேப்டாப் இந்த புரொஜெக்டரோடு ஒத்துப்போக மறுத்ததில் 10 நிமிடம் போய்விட்டது. பின்வரிசையில் ஒரு தம்பி "லினக்ஸ்னாலே இப்படித்தான்டா" என்றது மேடை வரைக்கும் கேட்டது. சரிதான் தம்பி. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான இந்த லினக்ஸ்தான் பதினைந்து வருடத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுகிறது, என்னாலேயே மறுக்க முடியவில்லை. புரொஜெக்டர், பிரின்டர், மூடித் திறந்தால் திரும்பி வராத வைஃபை, இந்த மூன்றும் என் மானத்தைப் பல சபைகளில் வாங்கியிருக்கின்றன. அதனால் படம் காட்டாமல் வாயாலேயே பேசிவிடுகிறேன்.

நான் சிஸ்டம் அட்மின். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. வராத அன்றைக்குத் தெருவே குடத்தோடு அவர் வாசலில் நிற்கும். கிட்டத்தட்ட அதே உத்தியோகம்தான் எனக்கும். என்ன, குடத்துக்குப் பதில் எனக்கு போன் வரும்.

அப்படி வந்த ஒரு போனைப் பற்றிச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு 4 நாள் இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வர் என் பொறுப்பில். இரவு 9 மணிக்கு மேல் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு கவுன்டரிலும் பில் வரவில்லை. பின்னணியில் குழந்தைகள் அழுகிற சத்தம், யாரோ "பணத்தையாவது திருப்பிக் குடுங்க" என்று கத்துகிற சத்தம். உள்ளே நுழைந்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற டிஎஃப் கமாண்ட் போட்டேன். டிஸ்க் 100 சதவீதம் நிறைந்திருந்தது. தேடினால், நடப்பதையெல்லாம் சர்வீஸ் எழுதிவைக்கிற ஒரு லாக் ஃபைல் மட்டும் 38 ஜிபி. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அதை அழித்தேன். மறுபடி டிஎஃப். மறுபடி 100. ஃபைல்களின் அளவைச் சொல்கிற டியூ கமாண்ட் போட்டுக் கூட்டிப் பார்த்தால் டிஸ்க்கில் பாதிகூட இல்லை என்கிறது. ஒரே டிஸ்க்கைப் பற்றி இரண்டு கமாண்டும் இரண்டு கணக்குச் சொல்கின்றன. ஏசி அறையில் சட்டை நனைந்துவிட்டது.

என் சீனியர் அண்ணாவைக் கூப்பிட்டேன். "ஓடிட்டிருக்கிற சர்வீஸோட லாக்கை அழிச்சியா? சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுடா, இடம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். செய்தேன். 38 ஜிபி சட்டென்று திரும்பி வந்தது. பில் அடிக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் உட்கார்ந்து படித்துத்தான் விஷயம் புரிந்தது. லாட்ஜ் ரிஜிஸ்டரில் பெயரை அடித்துவிட்டால் அறை காலியாகிவிடுமா? உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வர வேண்டாமா? லினக்ஸ் சேர்ந்திருக்கிற யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு ஃபைலை அழிப்பது என்பது ரிஜிஸ்டரில் பெயரை அடிப்பது மட்டும்தான். அதைத் திறந்து வைத்திருக்கிற கடைசி புரோகிராம் கையை எடுக்கிற வரைக்கும் இடம் காலியாகாது. டியூ ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்குச் சொன்னது, டிஎஃப் அறைகளை எண்ணிச் சொன்னது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டவும் ஒரு கமாண்ட் இருக்கிறது, எல்எஸ்ஓஎஃப். இவ்வளவும் தெரிந்த பிறகு ஆசை தாங்காமல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சோர்ஸ் கோடிலேயே, அதாவது அதை எழுதிய மூல வரிகளிலேயே, அந்த இடத்தைத் தேடிப் போனேன். பாதி புரியவில்லை. ஆனால் யாரும் கதவைச் சாத்தவில்லை. "இது கம்பெனி ரகசியம்" என்று யாரும் சொல்லவில்லை. இப்படி யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கிற கட்டற்ற மென்பொருளோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அந்த ராத்திரிக்குப் பிறகுதான். விலை இல்லை என்பதற்காக வந்த ஒட்டுதல் இல்லை அது.

இங்கேதான் உங்களோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிக் கூட்டங்களில், சோர்ஸ் கோட் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் பத்திரம் என்று சொல்வார்கள். நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. திறந்திருக்கிறது, உண்மை. பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்று ஒருவர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுதுகிறவர்களில் ஒருவர், சம்பளத்துக்கு வேலை செய்வது மைக்ரோசாஃப்டில். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் இன்னும் முழுதாக வெளியிடப்படாத பதிப்பு ஒன்றில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். வேகம் அளக்கும்போது மெஷின் அமைதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. எஸ்எஸ்ஹெச் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. எஸ்எஸ்ஹெச் என்றால் சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழைகிற வாசல். இன்டர்நெட்டில் திரிகிற ரோபோக்கள் தப்பான பாஸ்வேர்டோடு அதைத் தட்டிக்கொண்டே இருக்கும், அது வாடிக்கைதான். ஆனால் முன்பெல்லாம் 0.3 நொடியில் "போ வெளியே" என்று சொன்ன வாசல், இப்போது 0.8 நொடி எடுத்துக்கொள்கிறது.

அரை நொடி. நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? நான் கவனித்திருக்க மாட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். "மெஷின் கொஞ்சம் ஸ்லோ" என்று டீ குடிக்கப் போயிருப்பேன்.

அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள், ஃபைல்களைச் சுருக்குவதற்கு. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளுக்குள் ஒரு பின்வாசல் இருந்தது. அதற்கான சாவி வைத்திருப்பவர் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் அந்த சர்வருக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மார்ச் 29, புனித வெள்ளி அன்று அவர் அதை உலகத்துக்கு அறிவித்தார். இன்னும் சில மாதம் தாமதமாகியிருந்தால் அது உலகத்தின் ஏராளமான லினக்ஸ் சர்வர்களுக்குப் போயிருக்கும். நான் பார்த்துக்கொள்கிற சர்வர்களுக்கும்தான்.

வைத்தது யார்? "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு கூட்டம். இன்றுவரை அடையாளம் வெளியே வரவில்லை. 2021-லிருந்து நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். எக்ஸ்இசட்டை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் லாசே காலின் என்ற ஒரே ஒரு ஆள். 2022-ல் யாரென்றே தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்கு நச்சரிப்பு ஆரம்பித்தது. ஏன் லேட், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அந்த மனிதர் பொதுவிலேயே பதில் எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. களைத்துப்போனவர் தோளில் கை போட்டுத்தான் சாவிக்கொத்தை வாங்கியிருக்கிறார்கள்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே தெரியுமா? எல்லாரும் பார்க்கிற சோர்ஸ் கோடில் அந்தப் பின்வாசலைத் திறக்கிற வரி கிடையாது. வெளியீட்டுக்கென்று சுருக்கிக் கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தில் மட்டும் அது சேர்க்கப்பட்டிருந்தது. மீதி, சோதனை ஃபைல்கள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அப்ரூவலுக்குக் கொடுத்த பிளானில் இல்லாத கதவு கட்டி முடித்த வீட்டில் இருப்பது மாதிரி. அப்புறம் இன்னொன்று. எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. டெபியன் போன்றவர்கள், லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நடத்துகிற சிஸ்டம்டி-யோடு அதைப் பேசவைப்பதற்காக ஒரு ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டு வழியாக, விருந்தாளியோடு வந்த விருந்தாளியாக எக்ஸ்இசட் உள்ளே வந்தது. (சிஸ்டம்டி நல்லதா கெட்டதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்கு 7 மணிக்கு பஸ்.)

நாம் பயன்படுத்துகிற அந்த எஸ்எஸ்ஹெச்சை, ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற பெயரில், நமக்குக் கொடுத்தவர்கள் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தை எழுதுகிற ஆட்கள். கனடாவில் கால்கரியை மையமாகக் கொண்ட ஒரு சின்னக் குழு. 1999-ல் வெளியிட்டார்கள். இன்று நீங்கள் எந்த லினக்ஸ் சர்வருக்குள் போனாலும் பெரும்பாலும் அவர்கள் எழுதிய வாசல் வழியாகத்தான் போகிறீர்கள். அவர்கள் 2014 ஜனவரியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கரன்ட் பில் கட்டப் பணமில்லை, வருடத்துக்குச் சுமார் 20,000 டாலர் வேண்டும், கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார்கள். அந்த வாசல் வழியாகக் கோடிகோடியாகச் சம்பாதிக்கிற உலகத்தைப் பார்த்து இதைச் சொன்னார்கள். நன்கொடை வந்தது, பிழைத்தார்கள். இதைப் படித்துவிட்டு நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், வருடத்துக்கு 10,000 ரூபாய் கொடுக்கலாமே சார் என்று கேட்டேன். "கொடுக்கலாம்ப்பா, இன்வாய்ஸ் யார் தருவா?" என்று கேட்டார் மேனேஜர். நல்ல மனுஷன்தான் அவர். இலவசமாக வந்த பொருளுக்கு எதற்குப் பணம் என்பது அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் புரியவே இல்லை, அவ்வளவுதான்.

பார்ப்பது பற்றிப் பேசும்போது பேக்கப்பையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜனவரி 31 இரவு, புரோகிராமர்கள் கோடை வைத்துப் பகிர்ந்துகொள்கிற தளத்தை நடத்தும் கிட்லேப் கம்பெனியில் ஓர் இன்ஜினியர் ஒரு டேட்டாபேஸ் சர்வரின் ஃபோல்டரை அழிக்கப் போனார். துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் கமாண்டைத் தட்டிவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது நாலரை ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று போனால், தினசரி பேக்கப் புரோகிராமின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்கிற மெயில்களும் யாருக்கும் போய்ச்சேரவில்லை, நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல். தற்செயல்.

எனக்கு அந்தக் கம்பெனியிடம் பிடித்தது அடுத்து நடந்ததுதான். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிறகு எழுதிய அறிக்கையில் தட்டியவர் பெயர் இல்லை, "குழு உறுப்பினர் 1" என்று மட்டும் இருந்தது. நம் ஊரில் இது நடந்தால் முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்பதாகத்தான் இருக்கும். எந்த ஆபீஸில் அந்தக் கேள்வி முதலில் வருகிறதோ, அங்கே அடுத்த தப்பை ஒளித்துவைப்பார்கள். நானே ஒரு தடவை ஒளித்துவைத்திருக்கிறேன். விவரம் கேட்காதீர்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு வருகிறேன். பாதிச் சீட்டில் ஒரே கேள்வி: எந்த லினக்ஸ் போடுவது? எனக்கு டெபியன். 1993-ல் இயன் மர்டாக் ஆரம்பித்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, தலைவரை வருடா வருடம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்று, ரெட் ஹேட் கம்பெனியின் கையில் இருந்த சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகை கற்றுக்கொடுத்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி நாங்கள் வரிசையாக ஏற்றினோம். 2020 டிசம்பரில் ரெட் ஹேட் வந்து, 2021 கடைசியோடு முடிகிறது என்றது. ஒரு வருடம் சனி, ஞாயிறு எல்லாம் மாற்றுகிற வேலையிலேயே போனது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

டெபியன் உங்களில் சிலர் வீட்டிலேயே இருந்திருக்கும். அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, அதன் அடிப்படை டெபியன்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் தவறுதலாக அதற்குள் நுழைந்துவிட்டு, "அண்ணே, லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று அழாத குறையாக எடுத்துவந்தான். இது கெடவில்லை, வேறொன்று என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேம் இருக்காண்ணே?" என்றான். கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

கிளவுட் வந்த பிறகு இந்த வேலை இருக்குமா என்று ஒரு சீட்டு. கிளவுடில் வாடகைக்கு எடுக்கிற மெஷினிலும் டிஸ்க் நிறையும் அம்மா. இரவு 2 மணிக்குத்தான் நிறையும். ஏஐ-யிடம் கேட்டு கமாண்ட் போடலாமா என்று இன்னொன்று. போடலாம், நானும் கேட்கிறேன். எதையும் செய்கிற அதிகாரமுள்ள ரூட்டாக உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்யும் என்று தெரியாமல் என்டர் தட்டாதீர்கள். ஏஐ-க்குத் தீபாவளிக் கூட்டம் போன் போடாது.

சம்பளம் எவ்வளவு என்ற சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து கேளுங்கள்.

மதியம் லேபில் உங்கள் சார் 6 பழைய கம்ப்யூட்டர்களை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். 5-ல் நீங்கள்தான் டெபியன் ஏற்றப் போகிறீர்கள். பென்டிரைவ் 4 தான் இருக்கிறது, சண்டை போடாதீர்கள். ஜன்னல் ஓரத்தில் இருக்கிற ஆறாவதில் காலையிலேயே வந்து நான் ஏற்றிவிட்டேன். அதில் டிஸ்க் நிறைந்திருக்கிறது. எந்த ஃபைல் என்று தேடினால் கிடைக்காது. ரீபூட் பண்ணுவது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்கிறவருக்கு டீ என் செலவு.