பிராடா நாவலோட ரெண்டாம் பாகம் ஏன் சொதப்பிச்சு?

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரு புக்க பத்தி புலம்பப் போறேன், சும்மா புலம்பிட்டுப் போகாம எங்க கோட்டை விட்டாங்கன்னு கொஞ்சம் பிரிச்சு மேயலாம்னும் இருக்கேன். லாரன் வைஸ்பெர்கர் எழுதின 'ரிவெஞ்ச் வேர்ஸ் பிராடா', 2013ல வந்தது, 'தி டெவில் வேர்ஸ் பிராடா'வோட ரெண்டாம் பாகம். கதைய முழுசா சொல்லிடுவேன், ஸ்பாய்லர் வேணாம்னா இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

[ஸ்கிரீன்ல: ரெண்டு புக்கோட அட்டையும் பக்கத்து பக்கத்துல]

மொத புக் 2003ல வந்துச்சு. வைஸ்பெர்கர் காலேஜ் முடிச்சதும் நியூயார்க்ல வோக்ங்கற ஃபேஷன் பத்திரிகையில, அப்ப அதோட எடிட்டரா இருந்த அன்னா வின்டூருக்கு அசிஸ்டென்ட்டா கொஞ்ச மாசம் வேலை பாத்தவங்க, ஒரு வருஷம் கூட தாக்குப்பிடிக்கல. அப்புறம் எழுதின நாவல்ல ரன்வேன்னு ஒரு ஃபேஷன் பத்திரிகை, மிராண்டா ப்ரீஸ்ட்லின்னு ஒரு எடிட்டர், அவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆண்ட்ரியான்னு ஒரு பொண்ணு. இது யாரோட கதைன்னு ஊருக்கே புரிஞ்சுபோச்சு, புக்கும் பிச்சுக்கிட்டு போச்சு.

அந்த புக்க ஏன் கீழ வைக்க முடியலன்னு மொதல்ல பாக்கணும், அது புரிஞ்சாதான் ரெண்டாவது ஏன் படுத்துச்சுன்னு புரியும்.

ஒரு சீன் சொல்றேன். மிராண்டா ஒரு நாள் சொல்றா, எழுபதுகள்ல ஒரு பழைய சாமான் கடை இருக்கு, அங்க ஒரு அலமாரி பாத்தேன், அந்தக் கடை அட்ரஸ் வேணும். அவ்ளோதான். எழுபதுகள்னா மன்ஹாட்டன்ல எழுபதாவது தெருவுல ஆரம்பிச்சு எழுபத்தொம்பதாவது தெரு வரைக்கும். கடை பேரு என்ன? தெரியாது. திருப்பி கேக்கலாமா? கேக்கவே கூடாது, அவகிட்ட கேள்வி கேட்டா கதை முடிஞ்சுது. ஆண்ட்ரியா கார எடுத்துக்கிட்டு தெருத்தெருவா இறங்கி ஏறி, ஒவ்வொரு கடையிலயும் உள்ள போயி மிராண்டா ப்ரீஸ்ட்லி இங்க வந்தாங்களான்னு பைத்தியம் மாதிரி கேட்டுட்டு வர்றா. கடைசில பாத்தா அந்தக் கடை எழுபதுகள்லயே இல்லீங்க!

இதுல கொலை இல்ல, துப்பாக்கி இல்ல, ஒரு அலமாரி, அவ்ளோதான், ஆனாலும் நமக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அடுத்த ஆர்டர் என்ன, டைமுக்குள்ள முடிப்பாளா, முடிக்கலன்னா என்ன ஆகும், இந்த மூணுலயே புக் முழுக்க ஓடிடும். தெனம் காலைல மிராண்டா உள்ள வந்ததும் கோட்டையும் ஹேண்ட்பேகையும் அசிஸ்டென்ட் டேபிள் மேல வீசிட்டுப் போவா பாருங்க, அந்த வீச்சுதான் புக்கே. சும்மா திட்ற பாஸ் எல்லா ஆபீஸ்லயும் இருக்காங்க, மிராண்டா பயமுறுத்தறது அதனால இல்ல, அவ என்ன சொன்னாலும் ஆண்ட்ரியா செஞ்சே ஆகணும், அதனாலதான்.

இப்ப ரெண்டாவதுக்கு வருவோம்.

[ஸ்கிரீன்ல: பத்து வருஷம் கழிச்சு]

ஆண்ட்ரியா இப்ப முதலாளி. அன்னிக்கு சீனியர் அசிஸ்டென்ட்டா இருந்து இவள பாடாப் படுத்தின எமிலி இருக்கால்ல, அவகூடவே ஃப்ரெண்டாகி, ரெண்டு பேரும் சேந்து 'தி பிளஞ்ச்'னு கல்யாணத்துக்குன்னே ஒரு காஸ்ட்லியான பத்திரிகை நடத்தறாங்க. இவ கட்டிக்கப் போறது மேக்ஸ் ஹாரிசன்ங்கற பெரிய மீடியா குடும்பத்துப் பையன. புக் ஆரம்பிக்கறதே கெட்ட கனவுல, கல்யாணத்தன்னிக்கு மிராண்டா கனவுல வந்து அதே மாதிரி வேலை ஏவறா, ஆண்ட்ரியா அலறி அடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறா. ஆகா, ஆரம்பமே சூப்பரா இருக்கேன்னு நானும் நிமிந்து உக்காந்தேன்.

ஆனா பிரச்சனையே அங்கதான். மிராண்டா கனவுலதான் வர்றா. நெஜத்துல இவளுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இவ ஆபீஸ் வேற, அவ ஆபீஸ் வேற. அப்புறமும் மிராண்டா பேரக் கேட்டாலே நடுங்கறா, வேர்க்குது, மூச்சு வாங்குது, பக்கம் பக்கமா அதே நடுக்கம், ஏம்மா சொந்தமா பத்திரிகை நடத்தற, அவளால உன்ன என்ன பண்ண முடியும்னு நமக்கே கேக்கத் தோணுது. பயத்த மட்டும் பத்தரமா எடுத்து வச்சிக்கிட்டாங்க, அந்த பயத்துக்கு காரணமா இருந்த வேலைய தூக்கிட்டாங்க. மிராண்டா நேர்ல வர்ற சீன விரல் விட்டு எண்ணிடலாம், அட்டையில மட்டும் பேரு பெருசா இருக்கு.

அப்ப மிச்ச பக்கம் எல்லாம் என்னதான் இருக்கு? கல்யாணத்தன்னிக்கு மாமியார் மேக்ஸுக்கு எழுதின லெட்டர் ஒண்ணு ஆண்ட்ரியா கையில சிக்குது, இந்தப் பொண்ண கட்டிக்காதடான்னு அந்தம்மா எழுதிருக்கு, அதுலயே பழைய காதலிய மேக்ஸ் பெர்முடாவுல பாத்த விஷயமும் வந்து விழுது. அப்புறம் வாந்தி, டாக்டர், கர்ப்பம், கொழந்தை, தாய்மார் க்ரூப், புருஷன் மேல சந்தேகம். இதெல்லாம் தப்பான சப்ஜெக்ட்னு சொல்ல வரல, இதுக்குன்னு தனியா புக் இருந்தா நானே வாங்கிப் படிப்பேன், பிராடா பேரப் போட்டு வித்துட்டு மாமியார் மருமக கதை சொன்னா எப்டீங்க?

நடுவுல மிராண்டாவுக்கு ஒரு வேலை குடுக்கறாங்க. எலியாஸ் கிளார்க்னு பெரிய கம்பெனி, ரன்வேய நடத்தறதே அதுதான், அங்க மொத்த பத்திரிகைக்கும் மேல இப்ப மிராண்டாதான். அந்தக் கம்பெனி பிளஞ்ச வாங்க வருது, ஆனா வாங்கினாலும் ஆசிரியர் குழு ஒரு வருஷம் அங்கயே இருக்கணும்னு கண்டிஷன். அடடா, இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க! இதுதான் கதை! திரும்ப அவகிட்டயே வேலை பாக்கணும், இந்தத் தடவ அசிஸ்டென்ட்டா இல்ல, தான் வளத்த பத்திரிகையோட சேந்து. நானா இருந்தா இத முப்பதாவது பக்கத்துல வச்சு, அந்த ஒரு வருஷத்ததான் புக்காவே எழுதிருப்பேன். இவங்க என்ன பண்ணாங்கன்னா, விக்கலாமா வேணாமான்னு இழுத்துக்கிட்டே போயி, கடைசில எமிலியும் மேக்ஸும் ஆண்ட்ரியாவுக்குத் தெரியாமலே வித்துடறாங்க. ஹீரோயின் எடுக்க வேண்டிய முடிவ மத்தவங்க எடுத்துட்டாங்க, இவளுக்கு மிஞ்சினது அழுகையும் டைவர்ஸும், அப்புறம் பழைய பாய்ஃப்ரெண்ட் அலெக்ஸ் திரும்ப வந்து நிக்கறான். மொத புக்ல பாரிஸ்ல நின்னு மிராண்டா மூஞ்சிக்கு நேரா கெட்ட வார்த்தையில திட்டிட்டு வேலைய விட்ட பொண்ணுங்க இது.

[ஸ்கிரீன்ல: 2009, 2013]

இன்னொரு விஷயம்தான் எனக்கு நெஜமாவே கடுப்பு. இந்த பத்து வருஷத்துல பத்திரிகை உலகமே தலைகீழா போச்சு. வோக்க நடத்தற கான்டே நாஸ்ட் கம்பெனி 2009 அக்டோபர்ல நாலு பத்திரிகைய ஒரே நேரத்துல இழுத்து மூடுனாங்க, குர்மேன்னு எவ்ளோ பழைய சமையல் பத்திரிகை, அதுவே போச்சு. அதோட போன ரெண்டு பத்திரிகை என்ன தெரியுமா? மாடர்ன் பிரைட், எலிகன்ட் பிரைட். ரெண்டும் கல்யாணப் பத்திரிகை! நெஜத்துல பெரிய கம்பெனி கல்யாணப் பத்திரிகைய மூடிட்டு இருக்கு, நாவல்ல பெரிய கம்பெனி கல்யாணப் பத்திரிகைய வாங்க பணப்பையோட அலையுது. விளம்பரம் குறையறது, வெப்சைட்டு, இன்ஸ்டாகிராம், வேலை போற பயம், எதுவும் கதைய அசைக்கல. இதுல வேடிக்கை, 2013லதான் வின்டூரயும் கான்டே நாஸ்ட் மொத்தத்துக்கும் ஆர்ட்டிஸ்டிக் டைரக்டரா போட்டாங்க, மிராண்டாவுக்கு நாவல்ல கிடைச்ச பதவி மாதிரியே. அவ்ளோ கிட்ட வந்துட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு எட்டு பாக்காம திரும்பிட்டாங்க.

படத்தையும் சொல்லியே ஆகணும். மொத புக்க வச்சு எடுத்த படம் 2006ல வந்ததுக்கப்புறம் மிராண்டான்னா அதுல நடிச்ச மெரில் ஸ்ட்ரீப்தான், கத்தவே மாட்டாங்க, மெல்லிசா ஒரு வார்த்தை, ஆள் காலி. அந்த நீல ஸ்வெட்டர பத்தி ஒரு லெக்சர் குடுப்பாங்களே, அது புக்ல கிடையவே கிடையாது, படத்துக்குன்னு எழுதினது. ஃபேஷன்னா என்ன, இவ ஏன் அந்த சீட்ல இருக்கான்னு அந்த ஒரு சீன்ல புரிஞ்சுடும், நாவலோட மிராண்டாவுக்கு அந்த ஆழம் எப்பவுமே இருந்ததில்ல. 2013ல புக்க வாங்கினவங்க பாதிப்பேரு தேடினது படத்து மிராண்டாவ, கிடைச்சது பழைய புக்கு மிராண்டா, அதுவும் கொஞ்சமே கொஞ்சம்.

முழுக்க வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், எமிலி வர்ற எடமெல்லாம் புக்குக்கு உயிர் வந்துடுது. அவளுக்கு ஆசை இருக்கு, வெக்கமில்லாம அத சொல்லுவா, துரோகம் பண்ணாலும் ஏன் பண்ணான்னு புரியும். எழுதினவங்களுக்கே அது தெரிஞ்சிருக்கும்போல, 2018ல வந்த மூணாவது புக்ல எமிலியதான் ஹீரோயின் ஆக்கிட்டாங்க, கனெக்டிகட்ல கிரீன்விச்ங்கற பணக்கார ஊருல செனட்டர் பொண்டாட்டி ஒருத்திக்கு வந்த அவப்பேர இவ சரி பண்ணப் போறா. ரெண்டாவத தாண்டி நேரா அதுக்குப் போனாலும் ஒண்ணும் புரியாம போகாது. ரெண்டாவத படிச்சே தீருவேன்னு அடம்புடிச்சா லைப்ரரில எடுங்க, காசு குடுத்து வாங்காதீங்க.