ஒவ்வோர் அறையிலும் ஒரு ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம். உள்ளே பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகள் சூடாகிப் பாடும் பழைய ரேடியோக்களைச் சேர்த்து, பிரித்து, மறுபடி பாட வைப்பவன் என்பதால்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். ரேடியோவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் ஒரு விடுதியைப் பற்றிப் பேசப்போகிறேன். கவலைப்படாதீர்கள், எங்கே சுற்றினாலும் ரேடியோவுக்குத்தான் வந்து நிற்பேன். வீட்டில் என்மேல் இருக்கிற புகாரே அதுதான்.

2017 மே மாதம் அமெரிக்காவில், கான்சஸ் சிட்டியில் மகள் வீட்டில் இருந்தோம். அங்கிருந்து தெற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் மிசௌரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கார்த்தேஜ் என்று ஒரு சிற்றூர். அங்கே இரண்டு நெடுஞ்சாலைகள் சந்தித்த முனையில் ஒரு விடுதி இருக்கிறது. ஒரு சாலை வடக்கே கனடா எல்லையிலிருந்து இறங்கி வரும் 71. இன்னொன்று சிகாகோவில் தொடங்கிக் கலிபோர்னியாவில் கடலைத் தொடும்வரை ஓடிய 66. ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். அந்த முனையைப் பார்த்து, 1939-ல் ஆர்தர் பூட்ஸ் என்பவர் கட்டிய விடுதிக்குப் பெயர் பூட்ஸ் கோர்ட்.

"நாளை ராத்திரி ஒரு கோர்ட்டில் தங்கப்போகிறோம்" என்று ஊரில் இருக்கும் மைத்துனரிடம் போனில் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார். "என்ன மாமா, மாப்பிள்ளை கார் ஓட்டினாரா, எங்கேயாவது இடித்துவிட்டாரா?" என்கிறார். அந்தக் கோர்ட் இல்லை. இங்கே கோர்ட் என்றால் முற்றம். காரோடு வந்து இறங்குகிற முற்றம், மோட்டார் கோர்ட். மோட்டல் என்று இன்று சொல்கிறோமே, அதன் தாத்தா.

அது எப்படி வந்தது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். கார்கள் பெருகியபோது அமெரிக்காவில் நல்ல ஓட்டல்கள் எல்லாம் ஊர் நடுவில், ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தன. நாள் முழுக்கப் புழுதியில் கார் ஓட்டி, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு வந்தவர் கண்ணாடி மாதிரித் தரை பளபளக்கிற முன்கூடத்தைத் தாண்டி, பெட்டி தூக்குகிறவருக்குக் காசு கொடுத்து, காரை எங்கேயோ நிறுத்திவிட்டு மாடி ஏற வேண்டும். யாருக்குப் பிடிக்கும்? அதனால் சாலையோரத்திலேயே கூடாரம் போட இடம் கொடுத்தார்கள். அப்புறம் சின்னச் சின்னக் குடில்கள். குடில்களை ஒட்டிக் கட்டியதும் கோர்ட். 1925 டிசம்பரில் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் திறந்த விடுதிதான் மோட்டல் என்ற சொல்லைப் போட்ட முதல் இடம். மோட்டார் ஓட்டல் என்று முழுசாக எழுதப் பலகையில் இடம் போதவில்லையாம், நடுவில் வெட்டிவிட்டார். ஒரு ராத்திரிக்கு 1 டாலர் 25 சென்ட்.

பூட்ஸ் கோர்ட்டை மனதில் வரைந்துகொள்ளப் படம் தேவையில்லை. அக்கிரகாரத் தெருவில் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு வீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூரைக்குக் கீழே காரை நிறுத்துங்கள். அவ்வளவுதான். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, மூலைகள் மட்டும் கூராக இல்லாமல் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி வளைந்திருக்கும். பாதையில் நிற்கிற கட்டடம் ஓடுகிற மாதிரித் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு ஆசை.

இதையெல்லாம் பார்க்க நான் போகவில்லை. நான் போனது அந்த விடுதி அன்று செய்துகொண்ட விளம்பரத்துக்காக. ஒவ்வோர் அறையிலும் ஒரு ரேடியோ! குளிக்க வெந்நீர் என்று சொல்லலாம், மெத்தை என்று சொல்லலாம். எட்டுக் கட்டைத் தொண்டையில் அவர்கள் சொன்னது ரேடியோ. 1939-ல் வழிப்போக்கருக்கு எது ஆடம்பரம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிற்பாடு அது படாத பாடு பட்டது. எழுபதுகளில் தட்டைக் கூரைக்கு மேல் ஒரு முக்கோணக் கூரையைக் கவிழ்த்துவிட்டார்கள். வேட்டி கட்டியவர் தலையில் தொப்பி வைத்த மாதிரி. இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்கிற பேச்சும் எழுந்தது. 2011-ல் இரண்டு சகோதரிகள் அதை வாங்கினார்கள். அவர்கள் செய்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? எதையும் கட்டவில்லை. அந்த முக்கோணக் கூரையை எடுத்தார்கள். அடியில் 1939-ன் கூரை இருந்தது.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பழைய வீட்டைப் புதுப்பித்தோம் என்றால் கிரானைட் போட்டோம், பால்ஸ் சீலிங் போட்டோம், தூணுக்குத் தங்க வண்ணம் அடித்தோம் என்று அர்த்தம். ரேடியோவிலும் அப்படித்தான். மரப்பெட்டிக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்து, உள்ளே இருக்கிற வால்வுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, புளூடூத் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குக் கை நடுங்கும். பழையபடி ஆக்குவது என்றால் முதலில் எடுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் சேர்த்ததை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்த வேண்டும். அந்தச் சகோதரிகள் 1940-கள் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். அதனால் அறையில் தொலைக்காட்சியும் இல்லை. கேட்டீர்களா? தொலைக்காட்சி இல்லை. ரேடியோ இருக்கிறது.

அறைக்குள் போனதும் நேராக அதனிடம்தான் போனேன். குமிழைத் திருப்பினால் நாற்பதுகளின் ஆட்டப் பாடல்கள், பித்தளை வாத்தியங்களோடு. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம் என்று கை வைத்தேன். "ரேடியோ ரிப்பேர் பண்ணவா பதினாலாயிரம் கிலோமீட்டர் வந்தோம்?" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அதை எடுத்து அம்மாள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை.

பொழுது சாய்ந்தது. கூரை விளிம்பைச் சுற்றிப் பச்சை நியான் எரிந்தது. (நியான் வாயு தானாக எரிந்தால் செம்மஞ்சள்தான். பச்சைக்கு வேறு வாயுவும், குழாய்க்குள்ளே பூச்சும் வேண்டும். வழக்கத்தில் எல்லாமே நியான்தான்.) செய்வதற்கு ஒன்றுமில்லை. ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். பக்கத்து அறைக்காரர்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்த் திண்ணைதான். பெரிய ஓட்டல்களில் லிப்டில் எதிரே நிற்பவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே கதவு நேரே முற்றத்தில் திறக்கிறது. பேசாமல் இருக்க முடியாது.

அடுத்த அறையில் இல்லினாயிலிருந்து வந்த ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியவர். நான் ரேடியோ ஆள் என்று தெரிந்ததும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார். அவர் சொன்ன கதையைச் சொல்லாமல் நான் எழுந்து போக மாட்டேன்.

சின்ன வயதில் அப்பாவோடு காரில் போகும்போது இப்படி ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். அங்கே ரேடியோ இருந்தது, ஆனால் காசு போட்டால்தான் பாடும். பத்து சென்ட் போட்டால் அரை மணி நேரம். இது கட்டுக்கதை இல்லை. அரிசோனாவில் ஹோல்புரூக் என்ற ஊரில் கூம்பு வடிவக் கூடாரம் மாதிரி சிமென்ட் அறைகள் கட்டிய விடுதி ஒன்று உண்டு, விக்வாம் மோட்டல். 1950-ல் கட்டினார்கள். அந்த வடிவத்துக்கு உரிமை வைத்திருந்தவர் கென்டக்கிக்காரரான பிராங்க் ரெட்போர்டு. வரைபடத்துக்கு அவர் பணம் கேட்கவில்லை. அறைக்கு அறை காசு ரேடியோ வையுங்கள், அதில் விழுகிற பத்து சென்ட்கள் எனக்கு என்றார். ஒரு கட்டடக் கலைக்கு ராயல்டி ரேடியோ உண்டியலில் போய் விழுந்தது உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, பெரியவர் கதை. அன்று ராத்திரி பேஸ்பால் ஆட்டம். அப்பா ஒரே ஒரு நாணயம் கொடுத்தார். பையன் கெட்டிக்காரன், ஆட்டம் முடியப்போகிற நேரமாகப் பார்த்துப் போட்டான். அன்றைக்கென்று ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. கடைசிச் சுற்று, மூன்று பேர் ஓடக் காத்திருக்கிறார்கள், பந்து வீசுகிறவர் கையைத் தூக்கிவிட்டார். டப். ரேடியோ நின்றது. அப்பா அதற்குள் தூங்கிவிட்டார், எழுப்பினால் அடி விழும். பையன் என்ன செய்தான்? கார்தான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறதே! சத்தமில்லாமல் கதவைத் திறந்து, காருக்குள் உட்கார்ந்து, கார் ரேடியோவைப் போட்டான். அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்தது, ஜெயித்தார்கள், அப்படியே சீட்டில் தூங்கிவிட்டான். ரேடியோ விடிய விடியப் பாடியிருக்கிறது.

இங்கேதான் என் தொழில் வருகிறது. அந்தக் காலத்துக் கார் ரேடியோ வால்வு ரேடியோ. வால்வுக்குள் இழை சூடாக வேண்டும், மேலே நூறு, இருநூறு வோல்ட் வேண்டும். காரில் இருப்பதோ ஆறு வோல்ட் பேட்டரி. அதை ஏற்றிக் கொடுக்க உள்ளே ஒரு அதிர்வான் கிர்ரென்று அடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். காலையில் அப்பா சாவி போட்டால் கார் முனகக்கூட இல்லை. விடுதியில் தங்கியிருந்த அத்தனை பேரும் கூடி முற்றத்தில் காரைத் தள்ளினார்களாம். "பத்து சென்ட் மிச்சம் பிடித்தார் அப்பா" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்த சிரிப்பில் என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பேஸ்பாலும் தெரியாது, வால்வும் தெரியாது.

நான் பதிலுக்கு எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோவைச் சொன்னேன். தபால் ஆபீசில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்திருந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. துப்பாக்கிக்கா, ரேடியோவுக்கா என்று இரண்டு தரம் கேட்டார். ராத்திரி ஆனால் இலங்கை வானொலி பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது மாதிரித் தெளிவாக வரும் என்றதும் மட்டும் தலையை ஆட்டினார். அது அங்கேயும் அப்படித்தான். பகலில் மத்திய அலை ஆகாயத்தின் கீழடுக்கில் உறிஞ்சப்பட்டுவிடும். சூரியன் இறங்கினால் அந்த அடுக்கு கரைந்துபோகும், அலை மேலே போய் மோதி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். அப்படியானால் யோசித்துப் பாருங்கள். 1939-ல் சிகாகோவிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம், இரண்டு நாள் ஓட்டி, இந்த அறையில் பெட்டியை வைத்துவிட்டுக் குமிழைத் திருப்பியிருக்கும். அரை நிமிடம் ஒன்றும் இருக்காது. வால்வு சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். முகப்பில் மெல்ல மஞ்சள் வெளிச்சம் வரும். அப்புறம் சிகாகோ நிலையம் பேசும். விட்டுவிட்டு வந்த ஊர். ஒவ்வோர் அறையிலும் ரேடியோ என்று ஆர்தர் பூட்ஸ் ஏன் விளம்பரம் செய்தார் என்று எனக்கு அந்த முற்றத்தில்தான் புரிந்தது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நான் எழுதி வைத்ததில் பாதி மிச்சம் இருக்கிறது.

விரைவாகச் சொல்கிறேன். 1956-ல் புது விரைவுச் சாலைகளுக்குச் சட்டம் வந்தது, அவை ஊர்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. 1985-ல் 66 என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள். விடுதிகள் காய்ந்தன. ஆனால் பழைய நாள் எல்லாமே இனிமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ரேடியோ அறைகள் கறுப்பின மக்களுக்குப் பல இடங்களில் கிடைக்கவில்லை. எங்கே இடம் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கையேடே தேவைப்பட்டது. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-லிருந்து அதை வெளியிட்டார். 1964-ல்தான் சட்டம் கதவைத் திறந்தது.

இன்னொன்று, இது நம் பக்கத்துக் கதை. மற்றவர்கள் கைவிட்ட மோட்டல்களை வாங்கி, ஆபீசுக்குப் பின்னாலேயே குடியிருந்து, தாங்களே விரிப்பு மாற்றி நடத்தியவர்களில் பெரும் பகுதி குஜராத்திப் பட்டேல்கள். இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில். ஒரு காலத்தில் போட்டிக்காரர்கள் "அமெரிக்கர் நடத்துவது" என்று வாசலில் பலகை மாட்டினார்கள். இதைப் பற்றித் தனியாக அரை மணி நேரம் பேச வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். அந்த ரேடியோவைக் கடைசியில் திறந்து பார்த்தேனா என்று கேட்பீர்கள். காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஸ்க்ரூடிரைவர் என் கைக்கு வரவில்லை. ஊருக்கு வந்து நாலாம் நாள், சாமி அலமாரியில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வணக்கம்.