வட்டத்தை அளந்தால் போதுமா?

மூலிகைச் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறது என்றால் உடனே ஒரு படத்தைக் காட்டுவார்கள். பாக்டீரியா பரப்பிய அகார் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) தட்டு, சாறு தோய்த்த 6 மி.மீ. காகித வில்லை, அதைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம். "இதற்கு 18 மி.மீ., அதற்கு 11, ஆகவே இதுதான் வீரியம்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பொருள் எவ்வளவு கொல்கிறது, அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்ற இரண்டும் அந்த வட்டத்தில் கலந்துகிடக்கின்றன. மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாது. வில்லையை விட்டு நகரவே அடம்பிடிக்கும். ஓமத்தின் தைமால் ஆவியாகிப் பக்கத்து வில்லையின் கணக்கையும் கெடுக்கும். அகாரை 4 மி.மீ. தடிமனைவிட மெல்லிதாக ஊற்றினாலும், பாக்டீரியாக் கலவை 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவைவிட நீர்த்திருந்தாலும் வட்டம் சும்மா பெருத்துவிடும்.

அதைவிடப் பெரிய கோளாறு கரைப்பானில் இருக்கிறது. நிழலில் உலர்த்திய 10 கிராம் பொடியை 100 மி.லி. 70% எத்தனாலில் ஒரு நாள் குலுக்கி வடிகட்டுகிறோம். 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல், அழுத்தம் குறைத்து எத்தனாலை முழுக்க ஓட்ட வேண்டும். மிச்சம் நின்றால் கொல்வது எத்தனால், பெயர் மூலிகைக்கு! கரைப்பான் மட்டும் தோய்த்த வில்லை இல்லாத தட்டை நான் முடிவாகவே ஏற்கமாட்டேன்.

வீரியத்தைச் சொல்ல 96 குழித் தட்டுக்கு வாருங்கள். முதல் குழியில் மி.லி.க்கு 1024 மைக்ரோகிராம் சாறு, பிறகு ஒவ்வொன்றிலும் பாதி. குழிக்குள் பாக்டீரியா மி.லி.க்கு 5 லட்சம். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். வளர்ச்சி தெரியாத கடைசிக் குழியின் அளவுதான் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. சாறே கலங்கலாக இருந்தால் ரெசசூரின் என்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள பாக்டீரியா அதன் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள் மிகுந்த சாறு பாக்டீரியா இல்லாமலேயே அந்த நிறத்தை மாற்றக்கூடும். சாறும் சாயமும் மட்டுமுள்ள குழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பிரித்தெடுத்த பொருள் முழுச் சாற்றைவிட மந்தமாக இருந்தால் திகைக்காதீர்கள். பெர்பெரிஸ் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற பொருளை ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தன் நோர்-ஏ என்ற புரதப் பம்பினால் வெளியே தள்ளிவிடும். அதே செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கும் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற பொருளும் இருப்பதை 2000-இல் கண்டறிந்தார்கள். தனியாக இந்த அடைப்பான் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. இப்படி இரண்டு பொருள்களைச் சதுரங்கக் கட்டம் போல வெவ்வேறு அளவுகளில் கலந்து சோதியுங்கள். கலவையில் ஒவ்வொன்றின் தடுப்புச் செறிவையும் அதன் தனிச் செறிவால் வகுத்துக் கூட்டுங்கள். விடை 0.5-ஐத் தாண்டினால் ஒன்றையொன்று தூக்கிவிடும் கூட்டு வீரியம் என்று எழுதாதீர்கள்.