கியூபெக்கின் பிரெஞ்சுச் சட்டம்: நான் எங்கே ஆதரிக்கிறேன், எங்கே எதிர்க்கிறேன்

வணக்கம் எல்லாருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலில் கோத் தே நேஜ் பக்கத்திலிருந்து கதைக்கிறேன். காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கடைப் பலகையைப் பாருங்கள். மேலே பிரெஞ்சு, பெரிய எழுத்தில். கீழே சின்னதாகத் தமிழும் ஆங்கிலமும். அழகுக்காக இப்படி எழுதவில்லை. 2025 ஜூன் 1 முதல், வெளியிலிருந்து தெரியும் பலகையில் வேறு மொழி இருந்தால், அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிரெஞ்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2022-இல் வந்த 96-ஆம் சட்டம். அதற்குத் தாய், கியூபெக்கில் பிரெஞ்சைக் காக்க 1977-இல் வந்த 101-ஆம் சட்டம்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். 1956-இல் இலங்கையில் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் என்ன செய்தது என்று தாத்தா, அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அந்தத் தீவை மொத்தமாக எடுத்தால் சிங்களம் பெரும்பான்மையின் மொழி. பிரெஞ்சு கனடாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் மொழி. வட அமெரிக்கா முழுவதையும் எடுத்தால் ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு சின்னத் திட்டு.

1960-களில் இதே மொன்றியலில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்கள்தான், ஆனால் முதலாளி ஆங்கிலத்தில் கதைப்பார். மத்திய அரசு அமைத்த இருமொழி ஆணைக்குழு 1961 கணக்கெடுப்பை ஆராய்ந்தது. கியூபெக்குக்குள்ளேயே பிரெஞ்சுக்காரரின் சராசரி வருமானம் மற்ற இனத்தவரோடு பார்த்தால் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருந்தது. இரண்டு மொழியும் தெரிந்த பிரெஞ்சுக்காரரைவிட, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கூடச் சம்பாதித்தார். தன் ஊரிலேயே தன் மொழிக்கு விலை இல்லை. அந்த நிலைமையில் வந்து இறங்கிய குடியேறிகள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்பினார்கள். சாதாரண மனுசப் புத்தி அது, அவர்களில் குற்றம் சொல்ல முடியாது. 1968-இல் மொன்றியல் பக்கத்துச் சேன் லியோனாரில் இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்ற சண்டை வெடித்து, அடுத்த வருடம் தெருக் கலவரம் வரை போனது.

அதற்குப் பிறகுதான் 1977 ஆகஸ்ட் 26. கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கின் அரசில் அமைச்சராக இருந்த கமீல் லோரன், தொழிலால் மனநல மருத்துவர், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி. வேலைத்தளத்தில் பிரெஞ்சு. இன்றைக்கு அந்தப் பிள்ளைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் பிரெஞ்சில் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அதில்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, விளையாட்டில் ஆங்கிலம் என்று மூன்றையும் கதைக்கிறார்கள். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் பிரெஞ்சு இங்கே மெல்ல மெல்லக் கரைந்திருக்கும். அதனால் 101 நியாயமான சட்டம் என்று நான் நம்புகிறேன்.

பலகையில் பிரெஞ்சைத் தவிர வேறு எதுவுமே கூடாது என்று முதலில் வைத்தார்கள், அது அதிகம். புவென்ட் கிளேரில் கம்பளி நூல் விற்ற ஒரு சின்னக் கடை, பலகையில் இரண்டு மொழியிலும் ‘கம்பளி’ என்று எழுதியதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-இல் வென்றது. பிரெஞ்சை முன்னுக்கு வை, மற்ற மொழியைத் தடுக்காதே என்றது நீதிமன்றம். கியூபெக் அரசு, சில உரிமைகளை மீறியும் சட்டம் போட விடுகிற அரசியலமைப்பின் விதிவிலக்குப் பிரிவைக் காட்டித் தீர்ப்பை ஒதுக்கிவைத்தது. பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 1993-இல் அது தவறு என்று சொல்ல, அதே வருடம் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

சரி, இப்போது உண்மையில் என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். மெர்சியே பாலத்தைத் தாண்டினால் கானவாகே. மோஹாக் என்ற பழங்குடி மக்களின் ஊர். மொன்றியல் தெருவில் சிவப்புப் பலகையில் பெரும்பாலும் ‘அரெ’, அதாவது ‘நில்’ என்று பிரெஞ்சு மட்டும் இருக்கும். அங்கே அதே எண்கோணச் சிவப்புப் பலகையில் மேலே மோஹாக், கீழே ஆங்கிலம். பிரெஞ்சே கிடையாது. அந்த ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக நியூ யோர்க்கின் உயரமான கட்டடங்களுக்கு இரும்பு பூட்டப் போனவர்கள். அவர்களிடம் ஆங்கிலம் ஊன்ற அதுவும் ஒரு காரணம். முதல் மொழியை அடித்து மறக்கவைத்தவை, பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த கனடாவின் விடுதிப் பள்ளிகள்.

101-ஆம் சட்டத்தின் முகவுரையிலேயே, பழங்குடி மக்களுக்கும் இனுயிட் மக்களுக்கும் தங்கள் மொழியைக் காத்து வளர்க்கும் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளியில் படித்த மோஹாக் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் படிக்கத் தகுதிச் சான்றிதழ் வாங்கி வா என்றார்கள். எங்கள் மண்ணில் படிக்க உங்களிடம் அனுமதி கேட்பதா என்று 1978-இல் பிள்ளைகள் எழுந்து வெளியே நடந்தார்கள். அந்த வருடமே ஊரார் தாங்களே ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். கானவாகே சர்வைவல் ஸ்கூல் என்று பெயர். இன்றைக்கும் நடக்கிறது. 2002 முதல் பெரியவர்களுக்கும் முழுநேர மோஹாக் வகுப்பு வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து பாட்டியின் மொழியைப் படிக்கிறார்கள்!

இப்படி உயிரைக் கொடுத்து ஒரு மொழியை மீட்கிறவர்கள் தலையில்தான் 96 வந்து விழுந்தது. ஆங்கில செஜெப் மாணவர்களுக்குப் பிரெஞ்சுப் பாடச் சுமையைக் கூட்டினார்கள். செஜெப் என்றால் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் படிப்பது. மோஹாக்கோ, இன்னொரு பழங்குடி மொழியான கிரீயோ முதல் மொழி, ஆங்கிலம் இரண்டாவது என்று இருக்கும் பிள்ளைக்கு, மூன்றாவது மொழியில் தடுக்கினால் மேற்படிப்பே தடுமாறும். எங்களை விட்டுவிடுங்கள் என்று பழங்குடித் தலைவர்கள் கேட்டார்கள். சட்டத்திலிருந்து முழு விலக்குக் கிடைக்கவில்லை. 2023-இல் நீதிமன்றம் போனார்கள்.

கனடாவில் பிரெஞ்சு சின்ன மொழி. கியூபெக்குக்குள் அரசு, பணம், பள்ளி எல்லாம் அதன் கையில். ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசிடம் எந்த நியாயத்தைக் கேட்டு வாங்கினார்களோ, அதே நியாயத்தைக் கானவாகேக்குக் கொடுக்க மறுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சில ஆயிரம் பேர் கதைக்கிற மோஹாக் மொழியால் பிரெஞ்சுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

எங்கள் ஆட்களையும் இந்தச் சட்டம் தொடுகிறது. புதிதாக வந்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு பொதுவாகப் பிரெஞ்சில் மட்டும்தான் எழுதும். மருத்துவம், பாதுகாப்பு மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் தொழிற்சாலை, இரவில் வகுப்பு என்று ஓடுகிற ஒரு தாய்க்கு ஆறு மாதம் எந்த மூலைக்கு? குறைந்தது இரண்டு வருடம் வேண்டும்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வந்து கதவைத் தட்டினால், பிரெஞ்சு வகுப்பில் எப்போது இடம் கிடைக்கும் என்று நாங்கள் எல்லாரும் கேட்கிறோம். அதோடு சேர்த்து, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 96-இலிருந்து முழு விலக்குக் கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். தமிழ் வீட்டு வாசலில் இந்தக் கேள்வியை அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.