வேலிக்குள் ஒரு வழி

நேயர்களுக்கு வணக்கம். பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

பாம்பன் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பின்னால் குடியிருப்பு, முன்னால் கடல். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியலில் இந்தத் தோப்பு வழியாகத்தான் இறங்குவார்கள். முள்வேலியில் ஓர் ஆள் நுழைகிற சந்து, அதற்கொரு பனைமட்டைப் படல். திரும்பும்போது ஈரச் சாக்கு உரசி உரசி, பக்கத்துத் தென்னையின் அடிமரம் வழவழவென்று ஆகிப்போனது. தோப்புக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் யாரோ, “அண்ணே, இருபது வருசம் நடந்துட்டா அவங்களுக்குப் பாத்தியம் ஆயிரும்” என்று காதில் போட்டார்கள். மறுநாள் தோப்புக்காரர் அந்தச் சந்துவழியை முள்ளால் அடைத்துவிட்டார்.

பாத்தியம், அதாவது வழி உரிமை, வந்துவிடும் என்ற அந்தப் பயம் பாதிதான் சரி. 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், கோர்ட்டு வாசலில் ஈஸ்மெண்ட் சட்டம் என்பார்களே அதுதான், 15-ஆவது பிரிவில் 20 வருடக் கணக்கைச் சொல்கிறது. ஆனால் அது, தனக்கு உரிமை உண்டென்று பகிரங்கமாக, தடையில்லாமல் நடந்தவருக்கு. “போய்க்கங்கம்மா” என்று நீங்கள் விட்டு நடந்தவருக்கு எத்தனை வருடமானாலும் பாத்தியம் வராது. சரி, நீங்கள் விட்டதற்கு என்ன சாட்சி? ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வழி விடப் பயப்படுகிறவருக்கு அந்தத் தாள்தான் காவல். சட்டம் இதை லைசென்ஸ் என்கிறது. பொதுவாக, வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம். ஒன்றில் மட்டும் கவனம். அந்த அனுமதியை வைத்து அவர்கள் கைக்காசில் நிரந்தரமாக சிமெண்டுத் தடம் போட்டுவிட்டால், 60-ஆவது பிரிவு குறுக்கே வரும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது.

நடப்பவருக்கு இந்தத் தாள் போதுமா? போதாது. நிலம் கைமாறினால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. அந்த நிலத்துக்குப் பின்னால், நடக்கிற உங்களுக்கும் சொந்த நிலம் இருந்தால் வழிநடைப் பாத்தியமாகவே எழுதி ரிஜிஸ்டர் செய்துகொள்ளுங்கள். எத்தனை அடி அகலம், கால்நடையா வண்டியா, எந்த சர்வே நம்பரில் எந்த ஓரம், எல்லாம் வர வேண்டும். ‘வழக்கமான பாதை’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பாசி எடுக்கும் பெண்களுக்கோ நிலமே இல்லை. இப்படி எழுதித் தரும் பாத்தியம் ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின் மேல் ஏறுவது. அதனால் தோப்புக்காரரிடம் வேறு யோசனை சொன்னேன்: ஆறடி அகலத்தைப் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரமாக எழுதிவிடுங்கள், அவர்கள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ளட்டும். மகனோடு பத்து நாள் பேசிவிட்டுச் சம்மதித்தார்.

அளக்கப் போன அன்று அந்த வழவழத் தென்னை ஆறடிக்குள் விழுந்தது. “காய் யாருக்கு?” என்றார். சிரிக்காமல் எல்லைக்கோட்டை ஓரடி வடக்கே தள்ளி எழுதினேன்.