அவன் பார்க்காத முகம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தேசியப் பூங்காவுக்குக் காதலியை அழைத்துச் சென்று, அவள் எதிர்பாராத நேரத்தில் திருமணத்திற்குச் சம்மதம் கேட்பதும், அதை ஒருவர் தள்ளி நின்று படமெடுப்பதும் அந்தத் தருணத்தை வாழவைக்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. வாழவைக்கிறது என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். “ஒருவன் மண்டியிடுகிறான், இன்னொருவன் புதருக்குள் பதுங்கியிருக்கிறான், இது காதலா, வேட்டையா?” என்றார். எனக்குத் தரப்பட்ட நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்துவிடப் போகிறேன், ஏனென்றால் அவர் சொன்ன அந்த இன்னொருவன் நான்தான்.

நம் அகப்பொருள் மரபில் பாங்கற்கூட்டம் என்று ஒரு பகுதி உண்டு. தலைவனின் தோழனாகிய பாங்கன், தலைவன் குறித்துச் சொன்ன இடத்திற்கு முன்னதாகவே சென்று, தலைவி அங்கே நிற்பதைக் கண்டு திரும்பி வந்து, தலைவனை அனுப்பிவைப்பான். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சியில் காதலனுக்காக முன்னே போய் இடம் பார்த்து வந்த அந்தப் பாங்கனை நம் முன்னோர் எவரும் வேட்டைக்காரன் என்று ஏசவில்லை. நான் செய்ததும் அதே வேலைதான், என் கையில் ஒரு கேமரா இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

என் தங்கை மகன் தேர்ந்தெடுத்த இடம் கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள டாஃப்ட் பாயின்ட். நாம் வாழும் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம், அதன்பின் ஒரு மைலுக்குச் சற்று மேல் நடை. 7,500 அடி உயரப் பாறை. பள்ளத்தாக்குக்கு அப்பால் 3,000 அடிக்குச் சுவர்போல எழுந்து நிற்கும் எல் கேப்பிடன். 2018 அக்டோபரில் முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து எடுத்த படம், அந்தப் பாறை நுனியில் ஒருவன் மண்டியிடும் படம், உலகெங்கும் பரவி, பிறகுதான் அந்த இணையர் யாரென்று கண்டறியப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். என் மருமகனின் ஆசைக்கு வித்து அதுதான்.

அதே மாதத்தில் அதே பாறையிலிருந்து விழுந்து உயிரிழந்த இந்தியத் தம்பதியரை எதிரணி அம்மையார் நினைவூட்டினார். அந்தத் துயரத்தை வாதத்திற்குக் கருவியாக்க மாட்டேன். ஆனால் எங்கள் திட்டம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பனிக்காலத்தில் அங்கே செல்லும் கிளேசியர் பாயின்ட் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் அக்டோபர் நடுப்பகுதியைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பே நானும் அவனும் அதே மாலை வேளையில் அங்கே போய், விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஒரு சமதளத்தைத் தேர்ந்தோம். தொலைவில் நின்று 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் பின்னாலுள்ள மலை பெரிதாகி, நிற்பவர்களின் தோளருகே வந்துவிடும். அழகுக்காக எவரும் நுனிக்குப் போக வேண்டியதில்லை. தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை உண்டு, நாங்கள் அதை நினைக்கவுமில்லை. கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, எட்டுப் பேருக்கு மிகாமல், பிறருக்கு இடையூறின்றிப் படமெடுக்க 2025 முதல் அனுமதிச் சீட்டே தேவையில்லை. அப்படியிருக்க நான் எதற்காகப் புதருக்குள் பதுங்க வேண்டும்? சூரியன் மறைவதைப் படமெடுக்க அங்கே முக்காலியோடு வந்திருந்த பலரில் ஒருவனாக, அந்தப் பெண் அதுவரை பார்த்திராத ஒருவனாக, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றிருந்தேன்.

அங்கே கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது என்பதால் ஓர் அடையாளம் பேசி வைத்திருந்தோம். “மாமா, நான் தொப்பியைக் கழற்றினால் அடுத்த நொடி மண்டியிடுவேன்” என்று சொல்லியிருந்தான். ஆறு மணிக்கு மேல் இருவரும் மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்தார்கள். லென்ஸ் வழியே பார்க்கிறேன், தொப்பி அவன் தலையில் இல்லை. வரும் வழியில் குளிர்காற்று அடித்ததால் அவன் தொப்பியை வாங்கி அவள் அணிந்திருந்தாள்! பேசி வைத்த சமதளத்துக்கு வந்து நின்றவன், பழக்கத்தில் கையைத் தலைக்குக் கொண்டு போனான், வெறும் முடியைத் தடவிவிட்டு இறக்கினான். மறுபடி கொண்டு போனான், மறுபடி இறக்கினான். மூன்றாம் முறை கை மேலே போனபோது எனக்குப் புரிந்தது, விரலை ஷட்டரில் அழுத்தினேன், அவன் மண்டியிட்டான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் தலையிலிருந்த அந்தத் தொப்பியைக் கழற்றி, இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் எனக்குத் தருவதாகச் சொன்ன அடையாளத்தை, ஒன்றும் அறியாத அவள் தந்தாள்!

அந்தப் பத்து விநாடியை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள், இந்த முறை அவன் பக்கமிருந்து. அன்றிரவு விடுதியில் அவன் என்னைத் தனியே அழைத்து, “மாமா, அவள் எப்படி இருந்தாள்?” என்று கேட்டான். மோதிரப் பெட்டி திறக்க மறுத்ததால் குனிந்தே இருந்திருக்கிறான், நிமிர்ந்தபோது கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்கில் எதற்காகக் காத்திருந்தானோ அந்த முகத்தை அவன் பார்க்கவே இல்லை. தருணத்தில் வாழ்ந்தால் போதும், படம் எதற்கு என்று கேட்கும் எதிரணியினரே, தருணத்தில் முழுவதுமாக மூழ்கியவனுக்குத்தான் அந்தத் தருணம் கண்ணில் படாமல் போயிற்று. கேமராவின் சிறு திரையில் அவளை, அந்தத் தொப்பியை, சிரிப்பும் அழுகையும் கலந்த அந்த முகத்தை அவன் முதன்முறையாகப் பார்த்தபோது, நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அடுத்த மாதம் கும்பகோணத்துக்குப் போயிருந்தபோது இந்தப் படத்தை என் அப்பாவிடம் காட்டினேன். என் பெற்றோருக்குத் திருமணமானது 1971இல். பெண் பார்க்கப் போன அன்று அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாராம். சற்று நேரத்தில் ‘பெண்ணுக்குச் சம்மதம்’ என்று பெரியவர்கள் வந்து சொன்னார்களாம். வீட்டிலுள்ள ஒரே கல்யாணப் படத்திலும் அம்மா குனிந்தேதான் இருக்கிறார், நெற்றிச்சுட்டிதான் தெரிகிறது. அப்பா கைப்பேசியைக் கண்ணருகே வைத்து, அந்தப் பெண்ணின் முகத்தை விரலால் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உன் அம்மா அன்னைக்கு உள்ளே போய்ச் சிரிச்சாளா, அழுதாளான்னு எனக்குத் தெரியாதுடா” என்றார்.

கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அம்மா, “சிரிச்சேன்” என்றார். அப்போதும் தலை நிமிரவில்லை. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து போய், முழங்காலைப் பிடித்தபடி அம்மாவுக்கு எதிரே மெல்ல உட்கார்ந்து, அவர் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

என் கேமரா உள்ளறையில், பைக்குள் இருந்தது.