கொம்பைக் கழற்றும் அம்மாக்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரே கூரையின் கீழ் நாலைந்து குடும்பம் இருந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கு அடுப்பு சண்டை வரும். வாசலில் வெளியாள் வந்து நின்றால் எல்லோரும் ஒன்று. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஐந்து பூர்வகுடி இனத்தார் தங்கள் அரசையே அப்படி ஒரு வீடாக நினைத்தார்கள். இரோகுவா என்பது வெளியார் வழங்கிய பெயர். அவர்கள் தங்களை ஹோடெனோஷோனி, அதாவது நீளவீட்டு மக்கள் என்கிறார்கள். கிழக்கு வாசலுக்கு மோஹாக் காவல், மேற்கு வாசலுக்கு செனெகா. நடு அடுப்பு ஒனொன்டாகாவிடம். இடையில் ஒனைடா, கயூகா. 1722 வாக்கில் டஸ்கரோராவும் சேர்ந்து ஆறானது.

இந்த ஐந்து இனத்தாரும் ஒரே கூட்டமைப்பாகச் சேருமுன் பழிக்குப் பழி என்று வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். சமாதானம் பேச ஒருவர் வந்தார்; ஹியாவதா என்பவர் அவருக்குத் துணை நின்றார். ஒனொன்டாகா தலைவர் டடோடாஹோ மட்டும் மசியவில்லை. அவர் தலைமுடியெல்லாம் பாம்பாக நெளிந்ததாம். எனக்குப் பிடித்த இடம் இது. அவரைக் கொல்லவில்லை. ஹியாவதா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாம்புகளைச் சிக்கெடுப்பதுபோல் வாரி எடுத்தாராம். அதோடு விடவில்லை, அவரையே ஐந்து இனத்தாரின் பொதுச் சபைக்குத் தலைமை ஏற்கவும் வைத்தார்கள். இன்றும் அந்தப் பதவியின் பெயர் டடோடாஹோதான். எதிர்த்தவனுக்கே நடு இருக்கை! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். சபையில் 50 தலைவர்கள். எல்லோரும் ஆண்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பது குலத்தாய்கள், அதாவது குலத்துக்குத் தலைமை தாங்கும் பெண்கள். அங்கே குலம் தாய்வழி. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். தலைவருக்கு அடையாளம் மான் கொம்பு. அவர் தவறினால் மூன்று முறை எச்சரிக்கை. அப்புறமும் திருந்தாவிட்டால் குலத்தாய் கொம்பைக் கழற்றிவிடலாம். கொடுத்த கைதானே, எடுக்கவும் எடுக்கும். அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களில் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் இதை வியந்து எழுதினார். அவர் நாட்டில் 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் கூட்டமைப்பு பிளந்ததையும், 1777-ல் ஒனொன்டாகாவின் நடு அடுப்பு நெருப்பை மூடியதையும், 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய படை ஊர் ஊராக எரித்ததையும் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும். 1794 ஒப்பந்தப்படி அமெரிக்க அரசு இன்னமும் ஆண்டுதோறும் அவர்களுக்குத் துணி அனுப்புகிறது. அவர்களும் ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வணக்கம்.